மல்பெரி வேரில் முடிச்சு

சின்ன காஞ்சிபுரத்தில் நெய்யப்படும் பட்டுக்கு வேண்டிய இழை இவ்வூரில் விளைவதில்லை. பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஓசூர், தருமபுரிப் பக்கங்களிலும் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழு தின்பதோ மல்பெரி இலையை மட்டும். ஆகவே நல்ல சேலைக்கு நல்ல மல்பெரி வேர் வேண்டும். அந்த வேருக்கு ஒரு பகைவன் உண்டு. அதன் பெயர் வேர்முடிச்சு நூற்புழு.

மண்புழுவுக்கும் இதற்கும் உறவில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் நீளம் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். மண்துகள்களின்மேல் படிந்துள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து சென்று, வேர் நுனியைத் துளைத்து உள்ளே அமர்ந்துவிடும். அதன் உமிழ்நீர் பட்ட செல்கள் பன்மடங்கு பருத்து, புழுவுக்கு ஊட்டும் செவிலிகளாகின்றன. சுற்றிலும் வேர் வீங்கி முடிச்சாகிறது. பெண்புழு பேரிக்காய் வடிவம் பெற்றுச் சில நூறு முட்டைகள் இடும். வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும்! நீர் செல்லும் குழாய்கள் நெரிபடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் செடி நண்பகலில் வாடும். இலை மஞ்சளித்துச் சிறுக்கும்.

இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தவர் சி. ஏ. பார்பர். 1901-இல் தேவாலாத் தோட்டத்துத் தேயிலை வேரில் கண்டார். பின்னாளில் கோவையில் கரும்பு ஆராய்ச்சியால் பெயர் பெற்ற அதே பார்பர்தான்.

நஞ்சிட்டுக் கொன்றால் என்ன? வேர் உறிஞ்சும் நஞ்சு இலைக்கு ஏறினால், இலையைத் தின்னும் பட்டுப்புழு என்ன ஆகும்? மனிதருக்கும் நஞ்சு நஞ்சுதான். டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிலாளர் பலர் மலட்டுத்தன்மை அடைந்தது 1977-இல் தெரியவந்தது. இந்தியா அதை 1989-இல் தடை செய்தது.

இங்கேதான் வேப்பம்பிண்ணாக்கு வருகிறது. எக்டேருக்கு ஆண்டுக்கு இரண்டு டன், நான்கு தவணைகளாக, வேரருகே சால் பறித்து இட்டு மூடி நீர் பாய்ச்சுவது மல்பெரிக்குச் சொல்லப்படும் முறை. (வேப்பெண்ணெயை இலைமேல் தெளிப்பது வேறு, அது பட்டுப்புழுவுக்கு ஆகாது.) பிண்ணாக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு நைட்ரஜன் உண்டு. இரண்டு டன்னுக்கு எவ்வளவு? நீங்களே கணக்கிடுங்கள், உரச்செலவில் ஒரு பகுதி திரும்பி வருவது தெரியும்.

பிண்ணாக்கின் கசப்புதான் புழுவைக் கொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதைதான். பிண்ணாக்கு மட்கும்போது வெளிப்படும் அம்மோனியாவும் கரிம அமிலங்களும் புழுவைத் தாக்குகின்றன. மீதிக் கதையை ஊகித்தவர் லின்ஃபோர்டு. அவரும் துணைவர்களும் ஹவாய்த் தீவில் நறுக்கிய அன்னாசி இலைகளை மண்ணில் கலந்து பார்த்து, வேர்முடிச்சு குறைவதை 1938-இல் அறிவித்தார்கள். அன்னாசி இலையில் வேம்பின் கசப்பு ஏது? மட்கும் பொருளில் பாக்டீரியா பெருகுகிறது. அதைத் தின்னும், செடிக்குத் தீங்கற்ற நூற்புழுக்கள் பெருகுகின்றன. அவற்றை வேட்டையாடும் உயிர்களும் பெருகி, வேர்ப்புழுவையும் விட்டுவைப்பதில்லை என்பது அவரது விளக்கம்.

அவ்வேட்டைக்காரர்களில் சில பூஞ்சைகள் வியப்புக்குரியவை. மூன்று செல்களாலான வளையத்தைச் சுருக்குக் கயிறுபோல விரித்து வைக்கும். புழு நுழைந்து உட்புறத்தைத் தொட்டதும், செல்களுக்குள் நீர் பாய்ந்து, ஏறத்தாழ 0.1 வினாடியில் அவை மும்மடங்கு பருத்து இறுக்கிவிடும். தசையில்லாத ஓர் உயிர் இவ்வளவு விரைவாக இயங்குவதைப் பௌதிகம் படிப்போர் கவனிக்க வேண்டும்.

ஆனால் பிண்ணாக்கு மண்ணிலுள்ள எல்லாப் புழுக்களையும் ஒழிப்பதில்லை. எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவே. தவணை நின்றால் புழு மீண்டும் பெருகும்.

கத்தரிச் செடியையும் இது தாக்கும். அறுவடை முடிந்த கத்தரி, நிலக்கடலைச் செடிகளைத் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நிலக்கடலை வேரின் பக்கத்தில் ஒட்டிய சிறு உருண்டைகள் விரலால் தேய்த்தால் உதிரும். அவை நைட்ரஜன் சேர்க்கும் பாக்டீரியாவின் வீடுகள். கத்தரி வேரே வீங்கியிருந்து, தேய்த்தாலும் உதிராவிட்டால், அது நூற்புழுவின் முடிச்சு.