நடந்து காட்டத் தயாரா?

மாணவர்களே, முதலில் ஒரு சிறு சோதனை. எழுந்து நின்று குதிகால்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். நுனிக்காலில் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கெண்டைக்கால் கடுக்கிறதல்லவா? ஆனால், உங்கள் பௌதிகப் பாடத்தின்படி, குதிகாலைத் தூக்கிய முதல் நொடிக்குப் பிறகு நீங்கள் எந்த வேலையும் செய்யவில்லை! இடப்பெயர்ச்சி இல்லையேல் வேலையும் இல்லை. பிறகு ஏன் கால் களைத்தது?

தசையின் இயல்பு அப்படி. சுவரில் அடித்த ஆணி உங்கள் புத்தகப் பையை நாள் முழுவதும் தாங்கும். அதற்குத் தீனி தேவையில்லை. தசையோ சும்மா இறுகி நிற்பதற்கும் ஆற்றலைச் செலவிடும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை இவ்வாறு இறுகிப் பிடித்து நிற்கிறது. அந்தப் பொறுப்பை ஒரு சுருள்வில்லிடம் ஒப்படைத்தால் என்ன?

வெளியே ஒரு சட்டகம்

நண்டுக்கும் வண்டுக்கும் உடலைத் தாங்கும் சட்டகம் வெளிப்புறத்தில் இருக்கிறது. மனிதனுக்கும் அப்படி ஒன்றை மாட்டிவிடும் ஆசை பழையது. நடக்கவும் ஓடவும் குதிக்கவும் உதவும் கருவி ஒன்றுக்கு நிக்கலஸ் யாகின் என்ற ரஷ்யர் 1890-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமேன்' என்ற இரும்பு உடலை உருவாக்கியது. எடை ஏறத்தாழ 680 கிலோ! முழுவதையும் இயக்கியபோது அது கட்டுக்கடங்காமல் உதறியது. உள்ளே ஆளை வைத்து அதை முழுதாக இயக்க எவரும் துணியவில்லை.

2015-இல் காலின்ஸ், விக்கின், சாவிக்கி என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர். அவர்களது கருவியில் மோட்டார் இல்லை, மின்கலமும் இல்லை. காலுக்கு அரைக் கிலோ அளவே எடை. பாதம் தரையில் பதிந்ததும் ஒரு பற்றி சுருள்வில்லைப் பிடித்துக்கொள்ளும். உடல் முன்னே சாயும்போது வில் நீளும். பாதம் தரையை உந்தும்போது சுருங்கித் துணை செய்யும். பாதம் காற்றில் இருக்கும்போது பற்றி விட்டுவிடும்.

சரி, இதனால் பயன் உண்டா? இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. யாராவது மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

மூச்சே அளவுகோல்

அப்படித் தாமாக முன்வருபவர் என்ன செய்வார்? சோதனைக்கு முன் சில மணி நேரம் உண்ணமாட்டார். செரிமானத்துக்கும் ஆற்றல் செலவாகுமே! முகமூடி அணிந்து முதலில் சும்மா நிற்பார். பிறகு டிரெட்மில் என்ற நகரும் பட்டையின் மேல் பல நிமிடங்கள் நடப்பார். உட்கொண்ட ஆக்சிஜனையும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடையும் கருவி அளக்கும்.

ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உடல் சுமார் 20 கிலோஜூல் ஆற்றலை வெளியிடுகிறது. ஒருவர் நிமிடத்துக்கு 0.9 லிட்டர் பயன்படுத்தினால் 18,000 ஜூல். அதை 60 விநாடிகளால் வகுத்தால் 300 வாட். மூச்சைக் கொண்டே நடையின் விலையைக் கண்டுவிட்டோம்!

2015 ஆய்வில் 9 பேர் நடந்தார்கள். விறைப்பில் வேறுபட்ட ஐந்து சுருள்வில்கள் சோதிக்கப்பட்டன. விறைப்பு கூடக்கூட உதவியும் கூடும் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. நடுத்தர வில்லில் ஆற்றல் செலவு சராசரியாக 7.2 சதவிகிதம் குறைந்தது. மிக விறைப்பான வில்லில் அந்த மிச்சம் போய்விட்டது.

கால்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே 2017-இல் ஒரு புதிய முறை வந்தது. நடப்பவரின் மூச்சை அளந்துகொண்டே கணிப்பொறி உதவியின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பார்த்தது. ஒரு கணுக்காலில் மோட்டார் உதவி பெற்ற 11 பேருக்குச் சராசரியாக 24 சதவிகிதம் மிச்சமாயிற்று. 2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் கருவி ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தது. அதை அணிந்தவர்கள் சாதாரணக் காலணியில் நடந்ததைவிட 9 சதவிகிதம் வேகமாக நடந்தார்கள்.

ஏன் பிறர் வேண்டும்?

இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர் 1997-இல் விபத்தில் சிக்கிக் கைகால்கள் செயலிழந்தார். 'ரீவாக்' என்ற நடைக்கருவியைக் கண்டுபிடித்தவர் அவரே. ஆனால் அதை அணிபவர் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். அவர் கைகளால் அது இயலவில்லை. இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறர் அணிந்து நடந்து காட்டினார்கள். 2014-இல் அமெரிக்க அரசு அக்கருவியை வீட்டில் பயன்படுத்த அனுமதித்தது.

இத்தகைய சோதனையில் விழுவதும் தோல் உராய்வதும் நேரலாம். எனவே விதிகள் கண்டிப்பானவை. 1964-இல் உருவான ஹெல்சிங்கிப் பிரகடனத்தின்படி, ஆபத்துகளை முன்கூட்டியே விளக்கிச் சம்மதம் பெறவேண்டும். சம்மதித்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவரானால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. 7 வயது நிரம்பிய பிள்ளையின் இசைவையும் கேட்கவேண்டும். உங்கள் அப்பா கையெழுத்திட்டால் மட்டும் போதாது, நீங்களும் சரி என்று சொல்லவேண்டும்!

முன்வருபவரின் இன்னொரு கடமை உண்மை பேசுவது. கருவி வலித்தால் வலிக்கிறது என்றே சொல்லவேண்டும். "இது உதவவில்லை" என்பதும் ஒரு முடிவுதான். அதைக் கேட்டுத்தான் அடுத்த கருவி திருத்தமாகிறது.

நீங்களும் ஓர் ஆய்வு செய்யலாம். நண்பர் ஒருவரை வெறுங்கையுடன் ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லி நாடித்துடிப்பை எண்ணுங்கள். ஓய்வுக்குப் பின் புத்தகப் பையுடன் நடக்கச் சொல்லி மீண்டும் எண்ணுங்கள். ஆனால், எதற்காக என்பதை முதலில் அவருக்கு விளக்குங்கள். "போதும்" என்று அவர் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள்.