துலாக்கோலும் இருபத்து நான்கு பிட்டும்

தராசுக்கும் எனக்கும் நாற்பது ஆண்டுப் பழக்கம். ஏலக்காய், கிராம்பு, குங்குமப்பூ விற்று ஓய்ந்தவன் நான். இப்போது வாசம் எலெக்ட்ரானிக் சிட்டியில். கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் பரப்பில், 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்த தொழிற்பேட்டை இது. சேர்ந்த இடத்தின் வாசனை ஒட்டாமல் போகுமா? அறுபது தாண்டிய பிறகு, நானே ஒரு மின்னணுத் தராசு செய்து பார்க்கப் புறப்பட்டேன்.

தராசின் உயிர்நிலை லோட் செல். பாரம் ஏறினால் அந்த உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் வளையும். மின்னழுத்தம் சிறிது மாறும். என்னுடையது 500 கிராம் தாங்குவது. 5 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கு 10 மில்லிவோல்ட் தரும். இதை எண்ணாக மாற்றுவது ஏடிசி. எவ்வளவு சிறிய வேறுபாட்டை அது பிரித்துக் காட்டும் என்பதே பகுதிறன்.

ஆர்டுயினோ ஊனோவின் மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே 10 பிட் ஏடிசி உண்டு. அது 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும். கணக்குப் போட்டால் அரைக் கிலோவுக்கு இரண்டே படி! ஆகவே எச்.எக்ஸ்.711 என்ற 24 பிட் ஏடிசியை வெளியே தனியாக இணைத்தேன். அதற்கு 1,67,77,216 படிகள். அதன் வீச்சு மொத்தம் 40 மில்லிவோல்ட். என் செல் அதில் கால்பங்குதான் பயன்படுத்தும். அப்படியும் சுமார் 42 லட்சம் படிகள் மிஞ்சும். ஒரு படிக்கு 0.12 மில்லிகிராம்! பூரித்துப் போனேன்.

எடை வைத்தேன். எட்டு கிராமுக்கு ஒருதரம் எண் குட்டிக்கரணம் போட்டது. ஐ.டி. வேலையில் இருக்கும் தங்கை மகன் நிரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, மரக்கால் நெல்லை உழக்குல கொட்டினா வழியாம என்ன செய்யும்?" ஊனோவில் 'இன்ட்' என்ற பெட்டி 16 பிட்தான் கொள்ளும், மேல் 8 பிட் வழிந்து போயிருந்தது. 32 பிட் கொள்ளும் 'லாங்' பெட்டிக்கு மாற்றினோம். 24ஆவது பிட் கூட்டல் கழித்தல் குறி; அதை மேலுள்ள 8 இடங்களுக்கும் நிரப்பாவிட்டால், 'கழித்தல் ஒன்று' என்பது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சமாகத் தெரியும். இன்னொன்று: படிக்கும்போது கடிகாரக் கம்பி 60 மைக்ரோவிநாடிக்கு மேல் உயர்நிலையில் நின்றுவிட்டால் சில்லு தூங்கிவிடும். ஆகவே அந்தக் கணத்தில் மைக்ரோகண்ட்ரோலரின் மற்ற குறுக்கீடுகளை நிறுத்தி வைக்க வேண்டும்.

பிட் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆனாலும் கடைசி இலக்கங்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அது இரைச்சல். சில்லின் சொந்த இரைச்சலே 50 நானோவோல்ட். ஒரு படியோ 2.4 நானோவோல்ட்தான். ஆட்டத்தின் மேல் கீழ் எல்லைகளைக் கணக்கிட்டால், 42 லட்சம் படிகளில் நம்பத்தக்கவை சுமார் 30 ஆயிரமே.

செய்யக்கூடியவை உண்டு. விநாடிக்கு 80 தடவை வேண்டாம், 10 தடவை படித்தால் போதும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அடங்கும். பதினாறு அளவுகளின் சராசரி எடுத்தால் இரைச்சல் கால்பங்காகும், 1.6 விநாடி பொறுக்க வேண்டும். செல்லுக்கும் ஏடிசிக்கும் ஒரே மின்மூலம் இருக்கட்டும். இரு தட்டிலும் ஒருசேரக் கூடினால் முள் அசையாதல்லவா? கம்பிகளைக் குட்டையாக, முறுக்கி வையுங்கள். இவ்வளவு செய்தாலும் வெப்பத்தால் செல் நகர்வதைச் சராசரி திருத்தாது.

"நாலு தசமம் காட்டலாமே மாமா, பார்க்க ஜோரா இருக்கும்" என்றான் பையன். எனக்குச் சுருக்கென்றது. கடையில் இருந்த காலத்தில், குங்குமப்பூ நிறுக்கையில் கடைசி இலக்கம் ஆடினால், மேலே போன எண்ணைப் பிடித்துக்கொண்டு விலை சொன்னதுண்டு. அது சரக்கல்ல, இரைச்சல் என்று அன்று தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா என்றும் சொல்ல முடியவில்லை. எடையில் கூட்டிக் குறைப்பதைத் திருட்டோடு சேர்த்தே எண்ணுகிறது நாங்கள் ஓதும் தத்துவார்த்த சூத்திரம்.

என் தராசு இன்று ஒரே தசமம் காட்டுகிறது. அது வீட்டு உபயோகத்துக்குத்தான். வியாபாரத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். பிட்டுகளை முழுதாகக் கறந்தெடுப்பது கெட்டிக்காரத்தனம். அவற்றில் எத்தனை மெய் என்று அறிந்து அதோடு நிறுத்துவதே நிறுக்கிறவனின் தர்மம்.