தண்ணீர் மாற்றியும் மீன் சாவது ஏன்?

வண்ணமீன் வளர்ப்பு இன்று நகரத்து வீடுகளோடு நிற்கவில்லை. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலும் திண்ணையில் ஒரு கண்ணாடித் தொட்டியோ, கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டியோ காணப்படுகிறது. பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கியவர்களும் உண்டு. நாலு காசு பார்க்கலாம் என்று கப்பி, மோலி வளர்ப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மீன் சோர்ந்து கிடந்தது. தொட்டியைச் சுத்தமாகக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலையில் செத்து மிதக்கிறது. என்ன மருந்து போடலாம்?”

பெரும்பாலான தொட்டிகளில் மருந்துக்கு வேலையே இல்லை. கோளாறு தண்ணீரில் இருக்கிறது. யூரியா போட்டுப் பழகிய விவசாயிக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

வயலில் போட்ட யூரியா முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. மண்ணில் உள்ள ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலையைச் சற்று மெதுவாக்கத்தான் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கொடுக்கிறார்கள். மீன் தொட்டியிலும் இதே கதைதான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியா வருகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்குத் தீங்கு செய்யாது. நஞ்சை மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. கூழாங்கல், வடிகட்டியில் உள்ள ஸ்பாஞ்சு, தொட்டிச் சுவர் ஆகியவற்றில்தான் ஒட்டி வாழ்கின்றன. அவை பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டி வைத்த அன்றே பத்து மீன்களை விட்டால் முதல் மாதத்திலேயே அவை சாவதற்குக் காரணம் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லையும் ஸ்பாஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவுவது, மண்புழு உரக் குழியில் பிளீச்சிங் பவுடர் தூவுவதற்குச் சமம். ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டு மறுபடி மாட்டினால் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பி.எச். எனப்படும் கார அமில நிலை. அம்மோனியம் சல்பேட்டுடன் சுண்ணாம்பைக் கலக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடியோடு தழைச்சத்து காற்றில் போய்விடும். காரம் சேர்ந்தால் அம்மோனியம் அம்மோனியாவாக மாறும் என்பதே அதன் பொருள். 25 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1000-க்கு 6 பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. அதே தண்ணீர் 8 ஆனால் 50 பங்கைத் தாண்டும், 8.5 ஆனால் 150 பங்கு ஆகிவிடும். பல வாரம் தண்ணீர் மாற்றாத தொட்டியில் காரத்தன்மை மெல்லக் குறைந்து, அம்மோனியம் சேர்ந்திருந்தாலும் மீன் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். அதில் திடீரென்று பாதித் தொட்டி அளவுக்கு உப்புத்தன்மையும் காரமும் மிகுந்த போர் தண்ணீரை ஊற்றினால், சேர்ந்திருந்ததில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் நஞ்சாகிறது. “நேற்றுதான் தண்ணீர் மாற்றினோம்” என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்து வீடுகளுக்கு இரண்டு வகைத் தண்ணீர் வருகிறது. ஒன்று போர் தண்ணீர். ஃப்ளூரைடு தொல்லையால் பல்லில் கறை படிந்த தலைமுறைகளை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தொட்டியில் மீன் சட்டென்று சாவதற்கு ஃப்ளூரைடு மீது பழி போட வேண்டியதில்லை. ஆழத்திலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரில் பிராணவாயு குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். அகலமான தொட்டியிலோ அண்டாவிலோ ஒரு நாள் வைத்து, முடிந்தால் காற்று மோட்டார் ஓடவிட்டு, பிறகு பயன்படுத்துவது நல்லது.

இன்னொன்று குழாயில் வரும் குடிநீர். இதில் குளோரின் கலந்திருக்கும். மனிதனுக்குக் காப்பு, மீனின் செவுளுக்குக் கேடு. இதையும் 24 மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். அவசரம் என்றால், மீன் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் 100 லிட்டருக்கு ஒரு கிராம் போதும்.

மீன் சோர்ந்திருப்பதைப் பார்த்ததும் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் தண்ணீர்க் கோளாறு. ஒன்றிரண்டு மட்டும் ஒதுங்கி நின்று, உடம்பில் புள்ளியோ புண்ணோ பஞ்சு போன்ற படலமோ தெரிந்தால் நோய். முதல் நிலைமைக்கு மருந்து ஊற்றுவது வீண் செலவு. தீவனத்தை இரண்டு நாள் நிறுத்தி, காற்று மோட்டாரை இரவு பகலாக ஓட்டி, நாளுக்குக் கால் பங்கு வீதம், முன்பே பிடித்து வைத்த தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரே அடியாகக் காலி செய்யக் கூடாது. மீன் கடையில் அம்மோனியா, பி.எச். பார்க்கும் சிறு சோதனைப் பெட்டி கிடைக்கிறது. பத்து மீனுக்கு மேல் வைத்திருப்பவர்கள் வாங்கி வைப்பது நல்லது.

நோய்களில் இந்தப் பக்கத்தில் அதிகம் தொல்லை தருவது வெண்புள்ளி நோய். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் இறங்கும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி குறைய, உடம்பெங்கும் ரவை தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உடம்பை உரசும். இது ஓர் ஒட்டுண்ணி. நிலக்கடலைச் சிவப்புக் கம்பளிப்புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும்போது மேலே அடிக்கும் மருந்து எட்டாது அல்லவா? அதுபோலவே, புள்ளியாகத் தோலுக்குள் இருக்கும்போதும், தொட்டியடியில் உறை போர்த்திக் கிடக்கும்போதும் இதை எந்த மருந்தும் தொடாது. உறை வெடித்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தி வரும் நேரத்தில்தான் சாகும். புள்ளி மறைந்துவிட்டது என்று மூன்றாம் நாளே சிகிச்சையை நிறுத்துபவர்கள் ஒரு வாரத்தில் மறுபடி அதே இடத்தில் நிற்பது இதனால்தான்.

கைவசம் உள்ள மருந்து கல் உப்பு. 100 லிட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை, கரைத்து, ஒரே நாளில் இரண்டு மூன்று தவணையாகச் சேர்க்கலாம். குறைந்தது 10 முதல் 14 நாள் இந்த அளவு நிலைக்க வேண்டும். தண்ணீர் மாற்றினால், மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேர்க்க வேண்டும். கப்பி, மோலி இதை நன்றாகத் தாங்கும், தங்க மீனும் தாங்கும். செடிகளும் கெளுத்தி வகை மீன்களும் தாங்காது, அவற்றை முதலில் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். கப்பி, மோலி உள்ள தொட்டியை ஹீட்டர் வைத்து 28 டிகிரி வரை மெல்லச் சூடாக்கினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைந்து முடியும். குளிரில் அது நீண்டுகொண்டே போகும்.

துடுப்பு அழுகலும் பூஞ்சைப் படலமும் பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரின் பின்விளைவு. தண்ணீர் தேறினால் பாதி தேறும். மெடிக்கலில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கிப் பொடித்துப் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. அளவு தெரியாமல் போட்டால் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்று, அம்மோனியா மறுபடி ஏறும்.

விவசாயி வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. தக்காளிக்கு மருந்து அடித்த கை, மருந்து கலக்கிய வாளி, ஸ்பிரேயர் டேங்க் எதுவும் மீன் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். கொசுவர்த்தியிலும் கொசு திரவத்திலும் இருப்பது இதே குடும்பம்தான். இரவில் அவற்றை வைக்கும் அறையில் தொட்டி இருக்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குவோர் மண்ணுக்கேற்ற பயிர் போலத் தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது செலவைக் குறைக்கும். கடின நீரில் கப்பி, மோலி, பிளாட்டி நன்றாகக் குட்டி போடும். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்றவை மென்னீர் மீன்கள். அழகுக்கு மயங்கி வாங்கினால் கைப்பொருள் போகும். சென்னை கொளத்தூரிலிருந்து வந்தாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், புது மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே பழைய மீன்களோடு சேர்க்க வேண்டும்.

கொல்லையில் தொட்டி கட்டி வளர்ப்பவர்களுக்கு, 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பத யோஜனாவில் 3 லட்சம் ரூபாய் அலகுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் என்று விதிக்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்கலாம்.

வாரா வாரம் வடிக்கும் கால் தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம். நைட்ரேட் நிறைந்த அது கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் நல்ல உரநீர். உப்போ மருந்தோ போட்ட தண்ணீரை மட்டும் செடிக்கும் ஊற்றக் கூடாது, ஏரி குட்டையிலும் கலக்கக் கூடாது.