மேடைப் பேச்சு: ஒரு பழங்கலையும் நம் பிள்ளைகளும்

பேச்சு எல்லாருக்கும் பொது. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து நின்று, தான் நினைத்ததைக் கேட்பவர் மனத்திலும் பதியும்படி சொல்வது, பயின்றால் மட்டுமே கைவரும் கலை. அந்தக் கலைக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை பல. தில்லியில் தமிழ் விழாக்களின் சிறுவர் பேச்சுப் போட்டிகளுக்குப் பல ஆண்டுகள் நடுவராக அமர்ந்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

வழக்கில் பிறந்த கலை

மேலை நாட்டில் பேச்சுக் கலையைத் தோற்றுவித்தவர்கள் அரசர்களோ புலவர்களோ அல்லர். சொத்தைப் பறிகொடுத்த சாதாரணக் குடிமக்கள். சிசிலித் தீவில் சிராக்யூஸ் என்ற கிரேக்க நகரத்தில் கி.மு. 465ஐ ஒட்டிக் கொடுங்கோலாட்சி வீழ்ந்தது. அந்த ஆட்சியில் இழந்த நிலங்களைத் திரும்பக் கேட்டு மக்கள் வழக்காடினார்கள். வழக்கை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுவுவது, எப்படி முடிப்பது என்று கோராக்ஸ், டிசியாஸ் என்ற இருவர் கற்பித்தார்கள் என்பது கிரேக்கர் சொல்லிவந்த மரபு.

பிறகு இந்தக் கலை ஏதென்ஸுக்கு வந்தது. அங்கே இன்றுள்ளது போல வக்கீல் கிடையாது. வாதியும் பிரதிவாதியும் தாமே நின்று பேச வேண்டும். கேட்பவர்களோ 201 பேர், 501 பேர் என்று அமர்ந்திருக்கும் குடிமக்கள். பேச்சுக்கு நேர வரம்பு உண்டு. அடியில் துளையிட்ட பானையில் நீரை ஊற்றிவிடுவார்கள்; நீர் வடிந்து முடிந்தால் பேச்சும் முடிய வேண்டும். நம் விழாக்களில் வாழ்த்துரை வழங்குவோர் பக்கத்திலும் அப்படி ஒரு பானை இருந்தால் நல்லது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு!

பேச வராதவர்கள் என்ன செய்தார்கள்? காசு கொடுத்துப் பேச்சை எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் புகழ்பெற்றவர் லிசியாஸ். இவர் நம்மைப் போலக் குடிபெயர்ந்த குடும்பத்தவர். இவருடைய தந்தை சிராக்யூஸிலிருந்து ஏதென்ஸில் வந்து குடியேறியவர். குடியுரிமை இல்லாததால் மக்கள் சபையில் பேசும் உரிமை லிசியாஸுக்கு இல்லை. ஆனால் அவர் எழுதித் தந்த சொற்கள் அந்த ஊர்க்காரர்களின் வாய்வழியே நீதிமன்றங்களில் ஒலித்தன.

கூழாங்கல்லும் கடற்கரையும்

டெமாஸ்தனிஸ் (கி.மு. 384 - 322) பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. ஏழு வயதில் தந்தையை இழந்தார். காப்பாளர்கள் சொத்தைக் கரைத்துவிட்டார்கள். வளர்ந்ததும் அவர்கள் மீது தாமே வழக்காடினார். மக்கள் சபையில் முதன்முறை பேசியபோது கேலிதான் கிடைத்தது. நாக்குத் தெளிவில்லை, மூச்சும் போதவில்லை.

வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினார். மேட்டில் ஓடியபடியே மூச்சுவிடாமல் வசனங்களைச் சொன்னார். நிலத்தடி அறை ஒன்றை அமைத்துக்கொண்டு அதற்குள் பயிற்சி செய்தார். வெளியே போகும் ஆசை வரக்கூடாது என்பதற்காகத் தலையில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டாராம். இவை புளூட்டார்க் எழுதிவைத்த செய்திகள். பிற்காலத்தில் மாசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்து அவர் ஆற்றிய உரைகள் எவ்வளவு பெயர் பெற்றன என்றால், கடுமையான கண்டன உரைக்கே இன்றும் ஆங்கிலத்தில் பிலிப்பிக் என்று பெயர்.

அதே காலத்தில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் இந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தார். ஒருவர் பேச்சை நாம் ஏற்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்றார். பேசுபவரின் நற்பெயர் ஒன்று. கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுவது இரண்டாவது. சொல்லும் நியாயம் மூன்றாவது. வீட்டில் பிள்ளை நம்மிடம் சைக்கிள் கேட்கும்போது இந்த மூன்றையும் பயன்படுத்துகிறதா இல்லையா என்று கவனித்துப் பாருங்கள்.

பேச்சின் ஐந்து அங்கங்கள்

ரோமானியர்கள் இக்கலையை ஐந்து அங்கங்களாகப் பிரித்தார்கள். முதலாவது, என்ன சொல்வது என்று தேடிக் கண்டுபிடித்தல். இரண்டாவது, அதை வரிசைப்படுத்துதல். மூன்றாவது, தக்க சொற்களில் அமைத்தல். நான்காவது, நினைவில் நிறுத்தல். ஐந்தாவது, குரலாலும் உடலாலும் வெளிப்படுத்தல்.

இந்த ஐந்திலும் தேர்ந்தவர் சிசரோ. பேச்சால் உயர்ந்தவர், பேச்சாலேயே உயிரையும் இழந்தவர். ஆண்டனியைக் கண்டித்து உரைகள் ஆற்றியதற்காகக் கி.மு. 43இல் கொல்லப்பட்டார். அவருடைய தலையையும் கையையும் ரோமாபுரியின் பேச்சு மேடையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். பேச்சுக்கு இருந்த வலிமையை அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆயிற்று.

நினைவில் நிறுத்த அவர்கள் கையாண்ட முறை சுவையானது. பழகிய வீடு ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வார்கள். முதல் கருத்தை வாசலில் வைப்பார்கள். அடுத்ததைக் கூடத்தில், அதற்கடுத்ததைச் சமையலறையில். பேசும்போது மனத்தளவில் அந்த வீட்டுக்குள் நடந்து போனால் கருத்துகள் வரிசையாக எதிர்ப்படும். இங்கே நினைவில் இருப்பது கருத்தின் இடம். ஒரு சொல் தவறினாலும் பேச்சு நின்றுபோகாது.

தமிழ் மேடை

நம் வள்ளுவர் இதற்காக மூன்று அதிகாரங்களை ஒதுக்கினார். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை. மூன்றும் பொருட்பாலில் உள்ளன. பேச்சை அவர் ஆட்சிக்கு வேண்டிய திறனாகவே கருதினார் என்பது இதனால் விளங்கும். போருக்கு அஞ்சாதவரைக் காட்டிலும் அவைக்கு அஞ்சாதவர் அரியர் என்பது அவர் கருத்து. சமயவாதிகள் தம் கொள்கைகளை எடுத்துரைப்பதை மணிமேகலையில் காண்கிறோம்.

ஆனால் பொதுமக்கள் முன் நின்று, உரைநடையில், ஒரு பொருளைப் பற்றித் தொடர்ந்து பேசும் இன்றைய மேடைப் பேச்சு தமிழில் அவ்வளவு பழையதன்று. பாதிரிமார்களின் பிரசங்கமே அதற்கு வழிகாட்டி என்பார் அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் பேட். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர், அந்த முறையைச் சைவத்திற்குக் கொண்டு வந்தார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார்.

அரசியலில் தமிழ் நுழைய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை படித்த தலைவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள், படித்தவர்களே கேட்டார்கள். 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார்கள். வேலைநிறுத்தம் வென்றது. சில நாட்களில் இருவரும் கைதானார்கள். சுதேசிக் கப்பல் ஓட்டியவரைச் சிறைக்கு அனுப்ப ஆங்கில அரசு காட்டிய குற்றங்களில் முதன்மையானது அவர் பேசிய பேச்சு!

பிறகு ஒலிபெருக்கி வந்தது. 1919இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோ நகரில் ஒலிபெருக்கி வழியாகப் பெருங்கூட்டத்திடம் பேசினார். மைக் வந்தபின் உரக்கக் கத்த வேண்டிய தேவை நீங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசலாம் என்றாயிற்று. அதன் பயனை முழுமையாக அறிந்தவர்களில் அண்ணா ஒருவர். தமிழ் மேடையில் வளர்ந்த அவர், 1962 மே 1 அன்று இங்கே தில்லியில் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் ஆற்றிய கன்னி உரை இன்றும் நினைவுகூரப்படுகிறது. தாய்மொழியில் சிந்தித்து அடுக்கத் தெரிந்தவருக்கு வேற்றுமொழி மேடையும் வசப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் வீட்டுக்கு வருவோம்

நம் போட்டிகளில் நடப்பது என்ன? தலைப்பு வந்ததும் அப்பா உட்கார்ந்து எழுதுகிறார். அல்லது ஊரிலிருக்கும் தாத்தாவிடம் கேட்டு எழுதுகிறார். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அம்மா அதை இந்தியிலோ ஆங்கில எழுத்திலோ பெயர்த்துத் தருகிறார். பிள்ளை பதினைந்து நாள் உருப்போடுகிறது. மேடையில் மூன்றாவது வரியில் ஒரு சொல் மறந்தால் போதும், முழுப் பேச்சும் நின்றுவிடுகிறது. கீழே அம்மாவின் உதடுகள் அசைகின்றன. பரிசு கிடைத்த பிள்ளையிடம் ‘நீ சொன்னதற்கு என்னம்மா பொருள்?’ என்று கேட்டால், பெற்றோர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது.

இந்தப் பெற்றோரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அலுவலகம் விட்டுப் பேருந்தில் நசுங்கி வந்து, பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது எளிதல்ல. ஆனால் அந்த ஐந்து அங்கங்களை எண்ணிப் பாருங்கள். தேடுதல், வரிசைப்படுத்தல், சொல் அமைத்தல் ஆகிய மூன்றையும் நாமே செய்துவிடுகிறோம். மனப்பாடமும் கையசைப்பும் மட்டும் பிள்ளைக்கு. லிசியாஸிடம் பேச்சு வாங்கிய ஏதென்ஸ்காரர் வழக்கை வென்றார், பேசக் கற்கவில்லை. நம் பிள்ளைகள் நிலையும் அதுவே.

இதனால் வரும் நட்டம் கோப்பையோடு முடிவதில்லை. தமிழ் என்றால் பொருள் புரியாமல் ஒப்பிக்கும் ஒன்று என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் விழுகிறது. வீட்டில் இந்தியில் சண்டை போட்டு, மேடையில் மட்டும் தமிழ் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அம்மொழி எத்தனை நாள் நிலைக்கும்?

நான் சொல்லும் மாற்று எளியது. எழுதித் தராதீர்கள், கேள்வி கேளுங்கள். ‘பொங்கல்’ என்பது தலைப்பானால், ‘நம் வீட்டில் பொங்கலன்று நீ என்ன பார்த்தாய்? ஊரில் தாத்தா வீட்டில் என்ன வேறுபாடு? உன் வகுப்புத் தோழன் லோடிக்கு என்ன செய்கிறான்?’ என்று கேளுங்கள். மூன்று விடை கிடைக்கும். அந்த மூன்றையும் வாசல், கூடம், சமையலறை என்று வைக்கச் சொல்லுங்கள். சொற்கள் பிள்ளையுடையனவாகவே இருக்கட்டும். இடையில் இரண்டு இந்திச் சொல் வந்தால் வானம் இடிந்துவிடாது. அவற்றுக்குத் தமிழ் என்ன என்று அப்போது சொல்லிக் கொடுக்கலாம்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பேச்சு முடிந்ததும் நடுவர் பிள்ளையிடம் தலைப்பை ஒட்டி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாதி மதிப்பெண் அந்த விடைக்கு என்று விதி செய்யுங்கள். முதல் ஆண்டு தடுமாற்றம் இருக்கும். இரண்டு நிமிடம் தடுமாறித் தன் கருத்தைச் சொல்லும் பிள்ளை, ஐந்து நிமிடம் தடையின்றி அப்பாவின் கருத்தைச் சொல்லும் பிள்ளையைக் காட்டிலும் நல்ல பேச்சாளர் என்று துணிந்து பரிசு கொடுப்போம். வரும் பொங்கல் விழாவிலேயே இதைத் தொடங்கலாமே!