விழுந்தவர் பக்கத்தில் நிற்பவர்கள்

புதுக்குடியிருப்புச் சந்தியில் ஒரு மனிசன் திடீரென்று சுருண்டு விழுந்தால் என்ன நடக்கும்? பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடி வருவார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். இன்னொருவர் கைக்குள் திறப்பைத் திணிப்பார். விழுந்தவர் நம்மவர் என்றால் யாராவது காதோரம் குனிந்து கலிமா சொல்லிக் கொடுப்பார். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். நெஞ்சில் கை வைக்கத்தான் ஆள் இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைகிறாரா? ஒழுங்காக மூச்சு விடுகிறாரா? பத்து செக்கனுக்குள் பார்த்துவிட வேண்டும். மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்கலாம். நாக்கோ வாந்தியோ மூச்சுப் பாதையை அடைக்காது. நினைவில்லாதவர் வாயில் சோடாவென்ன, ஸம்ஸம் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது; அது நுரையீரலுக்குள் போகும். நோன்பு நாளில் சீனி வருத்தக்காரர் வியர்த்து நடுங்கினால் மட்டும், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுங்கள். நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு.

இடைக்கிடை வாயைத் திறந்து இழுக்கும் மூச்சைக் கண்டால், "சேடம் இழுக்குது, கிப்லாவுக்குத் திருப்புங்க" என்பார்கள். பல நாள் படுக்கையில் கிடந்து ஸக்கராத்தில் இருப்பவர் வேறு. சற்றுமுன் நம்மோடு கதைத்துக்கொண்டு நின்றவர் வேறு. இவரிடம் அந்த இழுப்பு, இதயம் நின்றுவிட்டதன் அடையாளம். மூளை இரத்தமில்லாமல் நாலைந்து நிமிடம்தான் தாங்கும். ஆனால் இரத்தத்தில் இன்னும் ஒட்சிசன் இருக்கிறது. அதைத் தள்ளிவிட ஒரு கை வேண்டும். கலிமா சொல்லிக்கொண்டே தள்ளலாம், யார் வேண்டாமென்றது?

கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றக் கையைக் கோத்து, முழங்கையை மடிக்காமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழ விட வேண்டும். விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்தக்கூடாது. எலும்பு பிறகு பொருந்தும். பழகாதவர் வாயில் ஊதத் தேவையில்லை. நீரில் மூழ்கியவருக்கும் பிள்ளைகளுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டியிருப்பதால், அதைப் பயிற்சியில்தான் கற்க வேண்டும்.

இந்த முறையை 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். 2021 ஜூனில் கொப்பன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். புல்தரையிலேயே நெஞ்சை அமுக்கினார்கள், மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர் மீண்டும் பந்து விளையாடினார்.

ஒருவர் அமுக்கும்போது மற்றவர் 1990ஐ அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. வடபுலத்து முஸ்லிம்களுக்கு இந்த எண்ணை மனப்பாடமாக்கத் தேவையில்லை. நாம் வெளியேற்றப்பட்ட வருஷம் அது. ஆனால் உள் வீதிகளுக்கு அம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்த உயிர் நிற்பவர்கள் கையில்தான்.

விழுந்தவர் பெண் என்றால் ஆண்கள் ஓரடி பின்வாங்குவதைக் கண்டிருக்கிறேன். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் தடை தளரும் என்பது நம் பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) முதலான ஸஹாபிப் பெண்கள் போர்க்களத்தில் காயப்பட்ட ஆண்களுக்கு மருந்திட்டதை புகாரியே பதிவு செய்திருக்கிறது. ஆடையை விலக்க வேண்டியதுமில்லை; துணிக்கு மேலாலேயே அமுக்கலாம். நிற்கிற பெண்கள் ஒரு துப்பட்டியை விரித்து மறைத்துப் பிடித்தால் போதும். அந்தப் பெண்களே கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

வகுப்பில் ஒருநாள் தலையணை வைத்துப் பழக்கினேன். "இவ்வளவுதானா சேர்?" என்று தொடங்கிய பெடியன்களுக்கு இரண்டு நிமிடம் முடியுமுன் கை சோர்ந்துவிட்டது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும். ஒரு கூட்டத்தில் குறைந்தது இருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.