கொதிக்கும் அமிலத்துக்கு எந்த உலோகம்?

கல்பாக்கம் என்றதும் அணு உலைதான் நினைவுக்கு வரும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த வளாகத்தில் உலோகத்தைப் பாடாய்ப் படுத்தும் வேறொரு கலனும் உண்டு. உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும் கலன் அது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ‘கோரல்’ ஆலை 2003-இல் இந்த வேலையைத் தொடங்கியது. அதிவேக ஈனுலையின் எரிபொருளில் புளூட்டோனியம் அதிகம், லேசில் கரையாது. அமிலம் செறிவாகவும் இருக்க வேண்டும், கொதிக்கவும் வேண்டும். சுற்றிலும் ஈயச் சுவர், உள்ளே கதிர்வீச்சு. ஓட்டை விழுந்தால் வெல்டரை உள்ளே அனுப்ப முடியாது. எனவே உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பராமரிப்பின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

நைட்ரிக் அமிலத்துக்கு வழக்கமாகப் போடுவது 304எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகி எஃகைக் காக்கிறது. சாதாரண 304-ஐ வெல்டிங் செய்தால், சூடுபட்ட ஓரத்தில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து படிக எல்லைகளில் ஒதுங்கிவிடும். அதையொட்டிய பகுதியில் குரோமியம் வற்றிப்போக, அமிலம் அந்த வழியாகவே அரித்துக்கொண்டு உள்ளே போகும். ‘எல்’ ரகத்தில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாததால் ஆபத்து குறைவு. இதைச் சோதிக்க, ஒரு துண்டை 65 சதவீத அமிலத்தில் 48 மணி நேரம் கொதிக்கவைத்து எடை பார்ப்பார்கள். புது அமிலம் ஊற்றி மறுபடியும் கொதிக்கவைப்பார்கள். இப்படி மொத்தம் ஐந்து முறை. இதில் தேறிய ஸ்டீல்கூட, அமிலம் இன்னும் செறிந்து, ஆக்சிஜனேற்றும் அயனிகளும் சேர்ந்தால் தாங்காது. காக்க வேண்டிய படலமே கரையத் தொடங்கிவிடும்.

அதனால்தான் கோரலின் கரைப்புக் கலனுக்கு டைட்டானியம் வந்தது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. டைட்டானியத் துண்டுகளைக் கொதிக்கும் அமிலத்துக்குள் ஒன்று, அதன் ஆவியில் ஒன்று, குளிர்ந்து சொட்டும் இடத்தில் ஒன்று என்று தொங்கவிட்டால், அமிலத்தில் மூழ்கிக் கிடப்பதைவிடச் சொட்டு விழும் துண்டே அதிகம் தேய்கிறது. திரவத்தில் கரைந்த டைட்டானிய அயனிகள் அங்கேயே தங்கி மேலும் அரிப்பதைத் தடுக்கின்றன. புதிதாய்ச் சொட்டும் அமிலத்தில் அந்த அயனிகள் இல்லை. கலனின் மூடியும் மேற்குழாயும் அடிப்பாகத்துக்கு முன்பே நைந்துபோகலாம். விற்பனைப் பட்டியலில் இருக்கும் ஒற்றை அரிப்பு எண்ணை நம்பி உலோகம் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

டான்டலம் 5 சதவீதமும் நியோபியம் 1.8 சதவீதமும் கலந்த டைட்டானியக் கலவை இதற்காகவே ஆராயப்பட்டது. சிர்க்கோனியக் கலவையான சிர்க்கலாய்-4 மூன்று இடங்களிலும் ஏறத்தாழ அரிபடுவதே இல்லை. ஆனால் அமிலத்தில் கொஞ்சம் ஃபுளோரைடு கலந்தாலும் அதன் கதை முடிந்தது. இன்னொரு தலைவலியும் இருக்கிறது. டைட்டானியத்தையோ சிர்க்கோனியத்தையோ ஸ்டீலோடு நேரடியாக உருக்கி ஒட்டினால், இணைப்பு நொறுங்கும். வெடிவிசையாலும் உராய்வாலும் இணைக்கும் முறைகள் அதனால்தான் தேவைப்பட்டன.

அமிலம் மாறினால் உலோகமும் மாறும். திருப்போரூர் பக்கம் ஆலத்தூரில் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. மருந்துத் தொழிலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சகஜம். அந்த அமிலத்திடம் 304எல், 316எல் ஆகிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்கள் இரண்டுமே தோற்கும். கண்ணாடிப் பூச்சுள்ள எஃகுக் கலன்தான் அங்கே சரி. திடீர்ச் சூடும் குளிரும் பட்டால் கண்ணாடி விரியும், சூடான காரம் அதைத் தின்னும். சின்னதாய்ச் சில்லு பெயர்ந்தால் டான்டலம் செருகி அடைப்பார்கள்.

இந்தக் கடலோரப் பகுதியில் எவர் கலன் வாங்கினாலும் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கசிவு பார்க்க ஸ்டெயின்லெஸ் கலனில் உவர்க் கிணற்று நீரை நிரப்பி அப்படியே விட்டால், இடுக்குகளில் குளோரைடு தங்கும். பிறகு கலன் சூடாகும்போது வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடும். குளோரைடு குறைந்த நீரால் சோதித்து, உடனே வடித்து, காற்றடித்து உலர்த்தச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.