நீரோட்டத்துக்கு அடியில் ஒரு வாழ்க்கை

மத்திய வியட்நாமின் மலைச்சரிவுகளில் இறங்கும் ஆறுகளில், ஆளை நிற்கவிடாமல் இழுக்கிற வேகத்தோடு தண்ணீர் பாயும் இடங்கள் உண்டு. அங்கே வழுக்குப் பாறையின் மேல் விரல் நீளத்தில் ஒரு மீன் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். தட்டை உடம்பு, அதில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகக் கோடுகள். பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் 1846இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இதன் பெயர் செவெல்லியா லினியோலாட்டா. மதுரைப் பக்கம் குழம்பில் கொதிக்கும் அயிரைக்கு இது தூரத்துச் சொந்தம். சீனாவின் போஃபோர்ஷியா, போர்னியோவின் காஸ்ட்ரோமைசோன் என்று இந்த மலையோடை அயிரைகளின் குடும்பம் ஆசியா நெடுகப் பரந்திருக்கிறது.

பார்க்கிறவருக்கு அது வெள்ளத்தோடு மல்லுக்கட்டி நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அந்த மீன் வெள்ளத்தின் முழு வேகத்தைச் சந்திப்பதே இல்லை. அதற்குக் கீழே ஒதுங்கி வாழ்கிறது.

நாள் முழுக்கச் சுழலும் மின்விசிறியின் இறக்கையில் தூசி படிந்திருப்பதைக் கவனித்திருப்போம். அத்தனை வேகத்தில் காற்றை வெட்டியும் தூசி பறப்பதில்லை. காரணம், இறக்கையின் பரப்பைத் தொட்டிருக்கும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. தண்ணீரும் அப்படித்தான். பாறையைத் தொடும் நீர் பாறையோடு ஒட்டி அசையாமல் நிற்கிறது. அதற்கு மேல் உள்ள நீர் மெல்ல நகர்கிறது. இன்னும் மேலே போகப் போக வேகம் கூடி, கடைசியில் ஆற்றின் முழு ஓட்டத்தை எட்டுகிறது. இயற்பியலில் இதை எல்லைப் படலம் என்பார்கள். பெரும்பாலும் மெல்லியது; ஆனால் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்ட உயிருக்கு அந்த மெல்லிய இடமே பெரிய சலுகை. நீரின் வேகம் பாதியானால் அதன் தள்ளுவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது. வளைந்த முதுகின் மேல் நீர் விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு மீனைப் பாறையிலிருந்து மேலே தூக்கப் பார்க்கிறது. அதற்கு எதிராக இந்த மீன் தன் உடம்பையே பிடிப்புக் கருவியாக்கிக்கொண்டது. மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் பக்கவாட்டில் அகன்று வயிற்றைச் சுற்றி விளிம்பு கட்டுகின்றன. செவெல்லியா, காஸ்ட்ரோமைசோன் போன்றவற்றில் இரண்டு இடுப்புத் துடுப்புகளும் பின்பக்கம் ஒன்றாக இணைந்து வட்டத்தை மூடிவிடுகின்றன. துடுப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொம்புப்பொருள் முட்கள் பாறையின் சொரசொரப்பைக் கவ்வுகின்றன. மற்ற மீன்களை மிதக்கவிடும் காற்றுப்பை இவற்றில் சிறுத்து எலும்புக் கூட்டுக்குள் அடங்கிவிட்டது. பாறையை விடக்கூடாத உயிருக்கு மிதப்பு ஆபத்துதானே.

இதையெல்லாம் கூர்ந்து பார்த்து எழுதிய முன்னோடி, பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநரான சுந்தர் லால் ஹோரா. மலையோடை உயிர்களின் பற்றுறுப்புகள் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 1930இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, நீலகிரி அடிவாரத்து மீன்களை ஆராய்ந்து பவானியா என்ற பேரினத்தை அவர் நிறுவியிருந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இன்றும் வாழும் பவானியா ஆஸ்ட்ராலிஸ் இந்த வியட்நாம் மீனின் உறவினன்.

பிடிப்பு என்ற ஒரே திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தாய்லாந்தில் ஓர் எல்லை இருக்கிறது. குகைகளில் வாழும் கண்ணில்லாத கிரிப்டோடோரா தமிகோலா, அருவி வழியும் பாறைமேல் நான்கு கால் விலங்கைப் போலத் துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஏறுகிறது. சாதாரண மீன்களில் இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேராமல் தசைக்குள் தனியாகக் கிடக்கும். இதற்கோ இரண்டும் உறுதியாகப் பிணைந்திருப்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

சரி, ஓட்டத்துக்கு ஒதுங்கி வாழ்கிற மீனுக்கு ஓட்டம் எதற்கு? அது தரும் இரண்டு பொருள்களுக்காக. ஒன்று உயிர்வளி. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். குளிர்ந்து, நுரைத்து, புரண்டு வரும் நீரில் பழகிய செவுள்களுக்கு அந்தக் குறைவு பெரிய இழப்பு. இரண்டாவது, பாறையின் மேல்தோல். வெயில் படும் கல்லில் டயாட்டம், பச்சைப்பாசி, பாக்டீரியா, அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள், சின்னப் பூச்சிப் புழுக்கள் எல்லாம் சேர்ந்து வழவழப்பான படலமாக வளரும். ஓட்டம் வண்டலைக் கழுவிக்கொண்டே இருப்பதால் அந்தப் படலம் மூச்சுமுட்டாமல் தழைக்கிறது. மலையோடை அயிரையின் மேய்ச்சல் நிலம் அதுதான்.

ஆகவே இந்த மீனை வளர்ப்பவருக்கு மீன்தொட்டி போதாது. ஆற்றின் ஒரு முழத்தையாவது கட்டவேண்டும். அயிரை வளர்ப்போர் நடுவே பரவிய அமைப்பு எளிமையானது. நீளமான தொட்டியின் அடித்தளத்தில் பிவிசி குழாய்களைப் பரப்புகிறார்கள். ஒரு முனையில் குழாயின் வாய்களில் ஸ்பாஞ்ச் மாட்டியிருக்கும், மறுமுனையில் பம்புகள். பம்பு ஓடும்போது நீர் ஸ்பாஞ்ச் வழியாக உறிஞ்சப்பட்டு, கூழாங்கற்களுக்கு அடியிலுள்ள குழாயில் போய், எதிர்முனையில் பீறிட்டு, தொட்டியின் நீளம் முழுக்க ஒரே திசையில் ஓடித் திரும்ப ஸ்பாஞ்சுக்கு வருகிறது. சாதாரணத் தொட்டியில் நீர் நின்ற இடத்திலேயே சுற்றும். இங்கே அது போகிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல் பத்து முதல் இருபது மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் பம்புகளைக் கடந்துபோக வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. குழாய் மறைய மணலும் சரளையும், அதன்மேல் தலையளவு வரை உருண்டைக் கற்கள். கல்லின் பின்புறத்தில் ஓட்டம் தணியும் மறைவிடமும் இருக்கவேண்டும். மீன் எந்நேரமும் வேகத்தில் நிற்க விரும்புவதில்லை.

வெப்பம் 20 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நம் சமவெளி நகரங்களின் கோடையில் அது சுலபமில்லை. நீர்ப்பரப்பின் மேல் சிறிய விசிறி வைத்தால் சில டிகிரி இறங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் குளிர்விப்பான்தான். மூடியும் அவசியம்: ஈரக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேலும் இவை ஏறிவிடும்.

கடைகளில் இவற்றைப் பாசி தின்னி என்று சொல்லி விற்பதுண்டு. வாங்கியவர், பளிச்சென்று கழுவிய புதிய தொட்டியில் விடுகிறார். மீன் உடனே சாகாது. கண்ணாடியில் ஒட்டியபடி வாரக்கணக்கில் மெலியும். முதுகைப் பார்த்தால் பட்டினி தெரியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று வயிற்றைப் பார்க்கவேண்டும். அது உள்வாங்கியிருந்தால் தொட்டியில் படலம் போதவில்லை என்று பொருள். அனுபவசாலிகள் இதற்குச் செய்வது சோம்பேறித்தனம் போலத் தோன்றும்: கற்களைத் தேய்ப்பதில்லை, விளக்கைக் கூடுதலாக எரியவிடுகிறார்கள், வெயிலில் வைத்த வாளியில் கற்களைப் போட்டுப் பாசி பிடிக்கவைத்து முறைவைத்து மாற்றுகிறார்கள். உறைய வைத்த கொசுப்புழு, அவித்த கீரை, மூழ்கும் தீவனம் எல்லாம் அதற்குத் துணைதான்.

இப்படிப் பழுத்த தொட்டியில்தான் இனப்பெருக்கம் நடக்கிறது. செவெல்லியாவில் ஆணையும் பெண்ணையும் மேலிருந்து பார்த்துப் பிரிக்கலாம். ஆணின் மார்புத் துடுப்பு முகத்தின் பக்கத்தில் தோள்போல் வெடுக்கென்று வெளியே நீட்டியிருக்கும். பெண்ணில் முகமும் துடுப்பும் ஒரே வளைவாக ஓடும், உடலும் அகலம். ஆண் பெண்ணைச் சுற்றி வட்டமிட்டுத் துடுப்புகளைப் படபடவென்று அடிக்கும். பிறகு வாழ்நாள் பழக்கத்துக்கு மாறாக, இரண்டும் கல்லை விட்டுவிட்டு ஒன்றையொன்று ஒட்டியபடி நடுநீருக்கு எழும்பும். அங்கே சிதறும் முட்டைகள் சரளை இடுக்குகளில் இறங்கிவிடும். சீனத்துச் சூடோகாஸ்ட்ரோமைசோன் இனங்களோ சரளையிலேயே குழி பறித்து முட்டையிடுகின்றன.

பெற்றோர் காவல் இல்லை. குஞ்சு பொரித்ததும் கற்களுக்கிடையே ஒளிந்து வளர்கிறது; பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏதோ ஒரு கல்லின் மேல் தென்படும்போதுதான் வளர்ப்பவருக்கே சேதி தெரியும். அந்த வயதில் அது தட்டையாகக்கூட இருக்காது, சாதாரண அயிரைக் குஞ்சு போலவே இருக்கும். துடுப்புகள் பிறகுதான் அகன்று வட்டமாகின்றன. குஞ்சுக்கென்று தனித் தீவனம் தேடி அலையவேண்டியதில்லை: அதன் வாய்க்கு ஏற்ற நுண்ணுயிர் கல்லின் படலத்திலும் ஸ்பாஞ்சிலும் ஏற்கெனவே இருக்கிறது. பம்பு குஞ்சை விழுங்காமல் காப்பதும் அதே ஸ்பாஞ்ச்தான். தொட்டியைத் தேய்த்துச் சுத்தமாக்கிய வீட்டில் குஞ்சு பிழைக்காததற்கும், கற்களை அப்படியே விட்டவர் வீட்டில் பிழைப்பதற்கும் காரணம் இதுவே.

இன்றும் கடைக்கு வரும் மலையோடை அயிரைகளில் பல ஆற்றில் பிடித்தவை. வீட்டில் பிறந்த குஞ்சுகள் பெருகினால் அந்தச் சுமை குறையும். ஆனால் ஆற்றின் பெரிய ஆபத்து வலையில் இல்லை. அணை கட்டினால் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும், முன்னைவிட அதிகமாகவும் இருக்கும். போவது ஓட்டம் மட்டுமே. ஓட்டம் போனால் வண்டல் படியும், கல்லின் படலம் புதையும், கல் இருந்தும் மேய இடமிருக்காது. ஆற்றைக் கன அடியில் மட்டும் அளக்கிற நம் கணக்கில் இந்த இழப்பு வருவதே இல்லை. ஒரு பம்பு நின்றுபோனால் தொட்டியில் என்னவாகும் என்று அறிந்தவருக்கு அந்தக் கணக்கின் குறை சட்டென்று புரிந்துவிடும்.